மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

மருந்துக்கடைக்காரரைத் தெரு முழுக்க ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். டாக்டர்கள் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அதில் அவருக்கு வருத்தம் உண்டு, ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

தலைவலி என்று வருகிறவரை வெறும் தலைவலி மாத்திரையோடு அவர் அனுப்பியதே கிடையாது. அது வயிற்றைப் புண்ணாக்கும், ஆகவே வயிற்றுக்கு ஒன்று. வயிற்றுக்குப் போட்டால் மலச்சிக்கல் வரலாம், அதற்கு ஒரு பொடி. பொடி வாயைக் கசக்க வைக்கும், அதற்கு மிட்டாய் இலவசம். ஒரு மாத்திரைக்கு வந்தவர் ஒரு பையோடு போவார். ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது, மனுஷன் இதை மனதார நம்பினார். எந்தக் கோளாறும் ஒன்றைச் சேர்த்தால்தான் தீரும், ஒன்றை எடுத்துத் தீர்ந்ததாகச் சரித்திரமே இல்லை என்பது அவருடைய கட்சி.

கட்சி கடையோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கும் அவர்தான் டாக்டர்.

கூடத்து மூலையில், துணி மடித்து வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் அது இருந்தது. வாங்கிய புதிதில் பொத்தானைத் தட்டியதும் விழித்துக்கொண்டது. பிறகு கொஞ்சம் சோம்பியது. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரு வயதில் அப்படித்தான் சோம்பும், வேண்டாததைக் கழித்துவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். டாக்டரா கழிப்பார்? வேகம் கூட்டும் மென்பொருள் ஒன்றை இலவசமாக இறக்கினார். ‘அடுத்து, அடுத்து, சம்மதம்’ என்று தட்டிக்கொண்டே போனதில், கேட்காத விருந்தாளிகளாக இன்னும் மூன்று கூடவே வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டன. அவற்றைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். ஒன்று கேட்டால் மூன்று தருகிறான், தொழில் தெரிந்தவன் என்று அவனுக்கு மனதுக்குள் ஒரு சலாம் வைத்தார்.

வேகம் கூட்ட வந்ததே மெதுவாக ஓடியது. அதைச் சரிபார்க்க ஒரு துப்புரவு மென்பொருள். துப்புரவு எதையாவது அழித்துவிட்டால் மீட்க ஒன்று. வைரஸுக்குக் காவலாக மூன்று. மூன்று காவலர்களும் திருடனை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சதா சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பெரும்பாலும் அவர்களுக்குப் பஞ்சாயத்து பண்ணவே நேரம் போதாமல் மூச்சிரைத்தது.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தேர்வுத்தாள் அடிக்க உட்கார்ந்து, இரண்டு பக்கம் முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

“ஏங்க, கடைக்கு வந்து ஒருத்தர் மூணு ஆன்டிபயாட்டிக்கை ஒண்ணாக் கேட்டா குடுப்பீங்களா?”

“அதெப்படிக் குடுப்பேன்? ஆளு செத்துடுவான்.”

“அப்ப இது மட்டும்?”

“இதுக்கு ஏது உயிரு? எத்தனை போட்டாலும் தாங்கும்” என்றார் டாக்டர்.

மகள் வேறு வழியில் சொல்லிப் பார்த்தாள். “அப்பா, காவலுக்கு ஒண்ணே ஒண்ணு போதும். உபயோகிக்காததை எல்லாம் முறையா நீக்கிடுங்க. எதை இறக்கினாலும் அதைச் செஞ்சவங்களோட சொந்த வெப்சைட்ல இருந்து இறக்குங்க. முக்கியமா, அது அப்டேட் கேட்டா போட்டுடுங்க. அவ்வளவுதான்.”

அப்டேட் விஷயத்தில் டாக்டர் மசியவே இல்லை. புதுச் சரக்கு வந்தாலும், பழையது நல்லபடி வேலை செய்கிறவரை புதுசைத் தொடாதே என்பது கடையில் அவர் படித்த பாடம். ஆகவே, அப்டேட் கேட்கும்போதெல்லாம் ‘பிறகு நினைவூட்டு’ என்று தட்டினார். அதுவும் வெட்கம் மானம் பார்க்காமல் தினமும் வந்து நினைவூட்டியது. கடன்காரனைத் திருப்பி அனுப்புகிற சந்தோஷத்தோடு அவரும் தினமும் அனுப்பினார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு நேர்காணல் வந்தது.

வேலை போய் வீட்டில் இருந்த பெண். பழைய கம்பெனி அவளோடு சேர்த்து அவள் மடிக்கணினியையும் விலக்கிக்கொண்டது, அதாவது அவளை வெளியே அனுப்பிவிட்டு அதை உள்ளே வைத்துக்கொண்டது. எத்தனையோ இடத்துக்கு எழுதிப்போட்டு, யாரும் பதில் சொல்லாமல், கடைசியில் ஒரு மென்பொருள் கம்பெனி வாடிக்கையாளர் பிரிவுக்குக் கூப்பிட்டிருந்தது. வீடியோவில் பேச வேண்டும், தயாரித்த ஸ்லைடு காட்சியைத் திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். இதுவும் கைவிட்டுப்போனால் சித்தப்பாவின் தவணைக்கடையில் ரசீது கிழிக்கப் போவதாகப் பேச்சு. அவள் சாப்பாட்டில் கைவைக்காமல் எழுந்துபோவதை டாக்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெற்ற வயிறு மட்டும்தான் எரியுமா, அவருக்கும் எரிந்தது.

“அப்பா, ஒரே ஒரு உதவி” என்றாள் முந்தின நாள். “நாளைக்கு நான் பேசி முடிக்கிறவரைக்கும் அதைத் தொடாதீங்க. ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

“நான் ஏம்மா தொடப்போறேன்?”

“தலைல அடிச்சுச் சொல்லுங்க.”

“தலையெல்லாம் எதுக்கு? தொடலைன்னா தொடல.”

மறுநாள் காலை மகள் குளிக்கப் போனாள். மனைவி அவளுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கடைக்குப் போகாமல் கூடத்தில் சுற்றிச்சுற்றி வந்தார். தொடும் எண்ணமே அவருக்கு இல்லை. நல்லபடி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றுதான் நினைத்தார். பார்ப்பதற்காக மவுஸை லேசாக நகர்த்தினார். நகர்த்துவது தொடுவதில் சேராது.

திரையில் சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது. ‘எச்சரிக்கை! உங்கள் கணினியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோளாறுகள். உடனே சரிசெய்யவும்!’

டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். ஆயிரம் கோளாறோடு ஒரு நோயாளி எதிரே நிற்க, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் எதிர்காலமே இந்தப் பெட்டியில் உட்காரப் போகிறது. பாதியில் இது மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? மகள் தடுத்தது பயத்தில். நோயாளி வீட்டார் எப்போதுமே ஊசி வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

‘சரிசெய்’ என்பதைத் தட்டினார். முழுதாகச் சரிசெய்ய இன்னொன்று வேண்டும் என்றது. அதையும் இறக்கினார். அது காவலர்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னது, ஒதுக்கினார். ‘கணினியை மறுபடி தொடங்க வேண்டும்’ என்றது. நியாயமான கோரிக்கையாகப் பட்டது, தொடங்கினார்.

கறுத்த திரை நீலமாகியது. அத்தனை நாள் வாசலோடு திருப்பி அனுப்பிய அப்டேட் எல்லாம் ஒன்றாகத் திரண்டு உள்ளே நுழைந்திருந்தது. ‘மூன்று சதவீதம் முடிந்தது. அணைக்க வேண்டாம்.’

ஈரத்தலையோடு வந்த மகள் திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா…”

“அதுவா?”

“சும்மா ஒரு செக்கப்…”

“நாலு சதவீதம்” என்றாள் மனைவி இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே. கணக்கு டீச்சர் அல்லவா, வாயில் எண்தான் வந்தது.

நல்லவேளை, மகள் அப்பாவைப் போல் இல்லை. செய்த வேலையை ஒரே இடத்தில் நம்பி வைக்காத பெண். ஸ்லைடு காட்சியின் பிரதி அவளுடைய செல்போனில் இருந்தது. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே செல்போனை நிற்க வைத்து, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்டர் கதவருகே போய் நின்றார். காதை வைத்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். காது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

“மன்னிக்கணும் சார், படம் சின்னதாத்தான் தெரியும். செல்போன்ல பேசறேன்” என்று ஆரம்பித்தாள் மகள். அவர்கள் என்னவோ கேட்டார்கள். “கம்ப்யூட்டருக்கா? எங்கப்பா வைத்தியம் பண்ணிட்டார் சார்.”

டாக்டருக்குத் திக்கென்றது. பிறகு உள்ளே எல்லாமே சந்தி சிரித்தது. மூன்று காவலர்கள், வேகம் கூட்டி, துப்புரவு, ஆயிரம் கோளாறு, கடைசியாக அந்தச் சிவப்புப் பெட்டி, ஒன்று விடாமல் அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. குடும்ப மானம் செல்போன் வழியாகக் கப்பலேறிவிட்டது, வேலையும் போச்சு என்று அவர் முடிவுகட்டினார். அவமானமாகத்தான் இருந்தது. அதைவிட, பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டோமே என்பதுதான் உறுத்தியது. மிச்சத்தைக் கேட்க நிற்காமல் கடைக்குப் போய், அன்று வந்த முதல் ஆளுக்கு அவர் கேட்ட மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்பினார். அந்த ஆள் பயந்துபோய், “டாக்டருக்கு உடம்பு சரியில்லையா?” என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டது.

டாக்டர் கடையைச் சாத்திய விதத்தைத் தெருவே பார்த்தது. மிட்டாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வழியெங்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். நேர்காணலன்று கம்ப்யூட்டரைத் தானே முன்னின்று தயார்செய்ததாகவும் நாலைந்து பேரிடம் சொன்னார். அது பொய்யும் அல்ல.

சாப்பாட்டு மேசையில் மகள் முகம் அத்தனை மலர்ச்சியாக இல்லை.

“என்னம்மா, சம்பளம் கம்மியா?”

“சம்பளம் நல்லாவே இருக்கு. அந்தக் கம்பெனி என்ன செய்யுதுன்னு இன்னைக்குத்தான் முழுசாச் சொன்னாங்க. இந்த வேகம் கூட்டற, சுத்தம் பண்ற சமாச்சாரம்தான்ப்பா. திடீர்னு குதிக்கற பெட்டில என்ன எழுதறது, எப்பக் குதிக்க வைக்கறது, அதுதான் என் வேலை.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “அவங்க என்னதான் கேட்டாங்க உன்னை?”

“ஒரு தடவை ஏமாந்தவரை மறுபடி எப்படித் தட்ட வைப்பீங்கன்னு கேட்டாங்க. நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், அவரு ஏற்கெனவே வீட்ல உக்காந்து அடுத்ததைத் தேடிட்டிருப்பாருன்னு சொன்னேன். உடனே எழுந்து கை தட்டினாங்க.”

டாக்டர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். தண்ணீர் குடித்தார். தன்னை இத்தனை துல்லியமாக ஒருவர் சொல்லி அவர் கேட்டதே இல்லை. வலித்தது. பெற்ற மகளே ஊர்பேர் தெரியாதவர்கள் முன்னால் தன்னைப் பரப்பிவைத்துவிட்டாளே என்று கண் கலங்கிற்று. போகாதே என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். மிட்டாய் கொடுத்தாகிவிட்டதே.

“எனக்கே கூச்சமாத்தான்ப்பா இருக்கு” என்றாள் மகள், தட்டைப் பார்த்துக்கொண்டு. “வேற இடம் கிடைக்கற வரைக்கும்தான். திங்கக்கிழமை போறப்பவே பத்துப் பெட்டிக்கு வாசகம் எழுதிக் கொண்டுபோகணும். எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது.” சற்றுத் தயங்கினாள். “எதைப் பாத்தாப்பா உங்களுக்கு அப்படிக் கை தானாப் போகுது?”

கம்ப்யூட்டர் விஷயமாக அந்த வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. சொல்லித்தான் இருக்கிறார்கள். டாக்டர் தலையைத் தூக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியை மேசைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல்ல ‘கோளாறு’ன்னு போடாதே. ‘ஆபத்து’ன்னு போடு” என்றார். “அப்புறம் எண்ணு முழுசா இருக்கக் கூடாது. ஆயிரம்னா நம்ப மாட்டாங்க, ஆயிரத்து எழுபத்து மூணுன்னா நம்புவாங்க.”

மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மகள் எழுதிக்கொண்டாள்.