சுவரில் முளைத்த பத்திலை

பூதப்பாண்டி வைகுண்டராஜன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெண் வீட்டு வரப்பைப் பார்ப்பார்கள். அந்த வரப்பில் பறித்த பத்து வகை இலையில் கறி வைத்துப் போட்டால்தான் சம்பந்தம். நகைநட்டெல்லாம் பிறகு.

நாளைக் காலையில் அவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வருகிறார் என்றதும் பொன்னுலிங்கம் வயலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். மகள் பூங்கனிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் அவருடைய வரப்பில் கோரையைத் தவிர மருந்துக்குக்கூட ஒரு இலை கிடையாது.

எல்லாம் அவரே செய்துகொண்டதுதான். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மூன்றாம் வருஷம் மாசியில், மனைவியின் தம்பி சுடலையாண்டி வீடு கட்ட மண் கேட்டு வந்தான். வீட்டு மனையைத் தவிர கையகல வயல் இல்லாதவன். அந்த ஒரே காரணத்துக்காக, முறை மாப்பிள்ளையாக இருந்தும் அவன் மகன் பகவதியப்பனுக்குப் பூங்கனியைக் கொடுக்க மறுத்திருந்தார். பெண்ணைத்தான் கொடுக்கவில்லை, மண்ணையாவது கொடுப்போமே என்று பொன்னுலிங்கத்துக்குத் திடீரென்று பெரிய மனசு வந்தது.

"வேண்டிய மட்டும் வெட்டிக்கோலே. மண்ணுக்கு அடியிலயும் மண்ணுதான கெடக்கு."

எட்டு நாள் வண்டி ஓடியது. வரப்போடு சேர்த்து முழங்கால் ஆழம் மேல்மண் போய்விட்டது. அடியில் கிடந்ததும் மண்தான், அதில் பொய்யில்லை. வெளுத்து, இறுகி, யாரோடும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாத மண். அதை வெட்டித்தான் பொன்னுலிங்கம் புது வரப்பு போட்டார்.

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை பெய்தது. கூரை போடாமல் நின்ற சுடலையாண்டியின் நான்கு சுவர்களும் முளைத்தன. வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, புளியாரை என்று நாளுக்கொன்று எட்டிப்பார்த்தது. தெற்குச் சுவரில் நண்டு வளை தோண்டியது. வடக்குச் சுவரில் ஒரு கொக்கு வயல் என்றே நினைத்து ஒற்றைக்காலில் நின்றது. ஓலை மேய்வதா, களை பறிப்பதா என்று தெரியாமல் சுடலையாண்டி விழித்தான்.

வைகுண்டராஜன் வருகிற அன்று விடிந்ததும் பொன்னுலிங்கம் ஏணியோடு போய் அந்தச் சுவரில் பத்து இலையும் கிள்ளிவந்து தன் வரப்பில் செருகினார். வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் வந்தார், குனிந்தார், ஒரு வல்லாரையைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்தது.

"வேரு எங்க?"

"வேரு வீட்டுல இருக்கு" என்றார் பொன்னுலிங்கம்.

"அப்போ வீட்டப் பாப்போம்."

சுடலையாண்டி வீட்டுக்குத்தான் போக வேண்டியதாயிற்று. பூங்கனியும் பின்னாலேயே வந்தாள். வைகுண்டராஜன் ஏணியில் ஏறிச் சுவர் சுவராக எண்ணினார். பதினேழு வகை. மனிதர் சொக்கிப்போனார்.

"மண்ணு இருக்க எடத்துலதான் நாங்க பொண்ணு எடுப்போம். ஒமக்கு மக உண்டுமா?" என்று கீழே நின்ற சுடலையாண்டியிடம் கேட்டார்.

"ஒரே ஒரு மகன்தான்" என்றான் சுடலையாண்டி, தப்புச் செய்தவன்போல.

"கஷ்டம்" என்று இறங்கி, வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

பொன்னுலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பூங்கனி மடியில் கீரை கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நான் இந்த வீட்டுக்கே வாறேன். மாமா சீதனம் ஒண்ணும் கேக்காண்டாம். எட்டு நாளு வண்டியில வந்து எறங்கியாச்சுல்லா."

அதுவரை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பகவதியப்பன் வெட்கத்தில் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பொன்னுலிங்கம் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஆனி மாதத்து வயல்போலக் குளிர்ந்திருந்தது.

"சரி மக்கா" என்றார். "மறுவீட்டுக்கு வரும்போ பலகாரம் ஒண்ணும் வேண்டாம். ஒரு ஓலைக் கடவத்துல கொஞ்சம் மண்ணு கொண்டு வா."