துல்மாவின் மாலை மிடறு

கல்யாணத்தன்று துல்மா குடித்த ஒரு மிடறு ஐராக், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மாடுகள் படுக்கும் நேரத்தில் அவள் வாய்க்குத் திரும்பி வந்தது. குதிரைப் பாலைப் புளிக்க வைத்த சாதாரண ஐராக்தான். கொடுத்தவள்தான் சாதாரணமில்லை. ஓர்கோன் ஆற்றுக்கு அக்கரையில் குதிரை மேய்க்கும் ஹோர்லோ. துல்மாவின் புருஷன் ஷாரவ் ஒரு காலத்தில் எவள் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தானோ, அவள். கூட்டத்துக்கு நடுவே கிண்ணத்தை நீட்டி, "குடிம்மா, மாட்டுக்காரங்க வீட்ல இதெல்லாம் கிடைக்காது," என்றாள். துல்மா குடித்தாள். அன்று சாயங்காலமே அது தொண்டைக்கு ஏறி வந்தது. விழுங்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. மென்றால்தான் இறங்கியது.

ஊரார் முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் தாடை அசைவதைப் பார்த்து, பொழுது சாய்ந்துவிட்டது என்று தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் பழகிக்கொண்டார்கள். ஒருமுறை வந்த கால்நடை மருத்துவர் அவள் இடது விலாவில் குழலை வைத்துக் கேட்டு, பசுவுக்கு உருளுகிற மாதிரியே உருளுகிறது, உடம்புக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லி, கொடுத்த தயிர்க்கட்டியை வாங்கிக்கொண்டு போனார். என்னத்தை மெல்லுகிறாள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஷாரவ் கேட்டால், "ஒன்னுமில்ல," என்பாள். பார்வை அக்கரையில் இருக்கும். ஹோர்லோவின் கூடாரப் புகை நேராக எழும்பினாலும் அவளுக்கு வயிறு எரிந்தது, சாய்ந்து எழும்பினாலும் எரிந்தது. தண்ணீர் எடுக்கப் போன ஷாரவ் ஆற்றங்கரையில் கொஞ்சம் தாமதித்துவிட்டால் போதும், அன்றைக்கு மிடறு இரண்டு மடங்காக வரும். பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவன் கல்யாணமாகித் தனியே போனான். மிடறு போகவில்லை.

அக்கரைக் குதிரைகளை ஏசுவதில்தான் அவளுக்கு ஒரு ஆறுதல். பசு அப்படியா? புல்லை வாரி முதல் பையில் போட்டுக்கொள்ளும், படுக்கும், கவளம் கவளமாக வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லும், ஏடு ஏடாக மடிந்த இன்னொரு பையில் பிழியும், நாலாவது பைக்குப் போனபின்தான் செரிக்கும். புல்லில் உள்ள சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் விடும். குதிரைக்கு இரைப்பை ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவர வழியே கிடையாது. புல் நொதிப்பதெல்லாம் பின்குடலில். அங்கே அவசர அவசரமாகப் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை லத்தியாகப் போட்டுவிட்டு, ராத்திரி பகலாகத் தின்றுகொண்டே நிற்கும். "தின்னதும் நினைப்பில்ல, போட்டதும் நினைப்பில்ல. வளக்கிறவ மாதிரியேதான்," என்பாள் துல்மா.

பிறகு ஒரு குளிர்காலத்தில், புல்லையெல்லாம் பனி மூடிவிடும் வெண்பஞ்சம் வந்தது. பனி மாட்டின் முழங்காலுக்கு மேல் விழுந்து, லேசாக உருகி, மறுபடி கல்லாக இறுகியது. குதிரை குளம்பால் தோண்டிப் புல்லை எடுத்துவிடும். மாட்டுக்கு அந்த வித்தை வராது, மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டு நிற்கும். சேர்த்து வைத்த உலர்புல் தீர்ந்ததும் மாடுகள் வெறும் வாயை மென்றன. நிறைசினையாக இருந்த சிவலைப் பசு அதையும் நிறுத்திவிட்டது. அசை நின்ற மாடு பிழைப்பது கஷ்டம். அந்த மாதிரி வருஷங்களில் மாட்டுக்காரர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே தீனி குதிரை லத்தி. குதிரை எடுக்காமல் விட்ட பாதிப் புல் அதில் அப்படியே கிடக்கும். கிட்டத்தில் குதிரை வைத்திருந்தது ஹோர்லோ ஒருத்திதான்.

"நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன்," என்றான் ஷாரவ்.

"நீங்க ஒன்னும் அங்க போய்க் கிழிக்க வேணாம்," என்று துல்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, உறைந்த ஆற்றைக் கடந்தாள்.

ஹோர்லோ கூடார வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன மாட்டுக்காரி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"லத்தி வேணும்க்கா. சிவலை அசை நிறுத்திட்டா."

"என்னைப் பாக்கவா வந்திருக்கப் போற. எடுத்துக்கோ. ஆனா ஒன்னு சொல்லிட்டு எடு. சாயங்காலமானா அப்படி என்னத்தடி மெல்லுற?"

யாரிடமும் சொல்லாததை இவளிடமா சொல்வது? ஆனால் சிவலையின் ஒட்டிப்போன விலா கண்முன் வந்து நின்றது.

"நீங்க கல்யாணத்துல குடுத்தீங்களே, அதத்தான். தினமும் வருது."

ஹோர்லோவின் முகம் செத்துவிட்டது. அந்த ஐராக் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையின் பாலில் செய்தது. அவள் கையாலேயே வளர்த்த குதிரை. துல்மாவின் கல்யாணம் நடந்த வருஷக் குளிர்காலத்திலேயே அது ஆற்றில் பனி உடைந்து உள்ளே போய்விட்டது. "அதோட ருசி எனக்கு மறந்தே போச்சுடி," என்றாள். "என்ன யோசிச்சாலும் வரல. உன் வாயில தினமும் வருதா? பாவி, போயும் போயும் உனக்கா ஊத்திக் குடுத்தேன்."

அந்தப் பார்வை துல்மாவுக்குத் தெரிந்த பார்வைதான். இத்தனை வருஷம் அதை அக்கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அது எதிரே இருந்து தன்மேல் விழுந்ததும் அவள் வயிறு குளிர்ந்தது.

"எப்படி இருக்கும்? சொல்லேன்."

"புளிப்பா இருக்கும்," என்றாள் துல்மா. "அப்புறம் இன்னும் இருக்கு. இன்னொரு நாள் சொல்றேன்." கூடை வழிய வழிய லத்தியை அள்ளிக்கொண்டு வந்தாள்.

சிவலை தின்றது, மறுநாள் அசைபோட்டது, பனி போனதும் கன்று ஈன்றது. அன்றிலிருந்து மாடுகள் படுக்கும் நேரத்துக்கு ஹோர்லோ குதிரையேறி வந்து துல்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னிக்கு?"

"கடைசியில லேசா காட்டு வெங்காய வாசம்."

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கு அவ்வளவுதான்."

ஷாரவ் இருவருக்கும் உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவான். அவனை யாரும் கவனிப்பதில்லை. அந்த மிடறு இப்போதெல்லாம் விழுங்கினாலே இறங்கிவிடும். துல்மாதான் மெல்லுகிறாள், ஹோர்லோ எழுந்து போகிறவரைக்கும்.