செமட்ரி என்பது தொலைவில் இருப்பது

ஒன்பதாம் வகுப்பில் கூச்சல் எழும்போதுகூட, "கொஞ்சம் மெதுவாப் பேசுறீங்களா?" என்று பிள்ளைகளிடமே அனுமதி கேட்பவள் அன்புச்செல்வி. அறந்தாங்கிக்குத் தெற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறாள். ஆகையால், அக்டோபர் மாதத்தின் கடைசி வெள்ளியன்று சிமென்ட் கடை ஜெரால்டு ஆசிரியர் அறைக்குள் வந்தபோது, வழக்கம்போல் எழுந்து நின்றுதான் வணக்கம் சொன்னாள்.

ஜெரால்டு அவளுடைய ஊர்க்காரர்; அவர் மேலத்தெரு, அவள் கீழத்தெரு. பங்குக் கோயில் நிர்வாகக் குழுவுக்குச் செயலாளர். கையில் சுருட்டிக் கொண்டுவந்த தாளை அவளது மேசையில் விரித்து, பறக்காமலிருக்கச் சாக்பீஸ் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு ஆர்ச்சு வைக்கிறோம். குவைத்துல இருக்க நம்ம பயலுக நன்கொடை. இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாத்து, ஓரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தாளில் இரண்டு வளைவுகளின் படம் இருந்தது. இரண்டிலும் தமிழில் 'கல்லறைத் தோட்டம்' என்றே எழுதியிருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒன்றில் கிரேவ்யார்டு என்றும் மற்றதில் செமட்ரி என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டு. கோயில் மதிலை ஒட்டி, வேப்பமரங்களின் நிழலில் இருப்பது மேலத்தெருவுக்கு. கண்மாய்க்கு அப்பால், கருவேலங்காட்டின் ஓரத்தில் கிடப்பது கீழத்தெருவுக்கு. அப்படி யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை; எழுதி வைக்காததனால்தான் அதை யாராலும் அழிக்கவும் முடியவில்லை.

"மன்னிக்கணும் சார்," என்றாள். "தமிழ்ல ஒரே பேருதான இருக்கு. இங்கிலீஷ்ல மட்டும் எதுக்கு ரெண்டு?"

ஜெரால்டு சிரித்தபடி கைப்பேசியை எடுத்து, ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அவருடைய மகளின் ஆங்கில நோட்டு. 'பொருள் வேறுபாடு அறிக' என்று தலைப்பிட்டு, அன்புச்செல்வியே கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம். கிரேவ்யார்டு என்பது தேவாலயத்தை ஒட்டி, அதன் வளாகத்துக்குள் இருப்பது. செமட்ரி என்பது தேவாலயத்தைச் சேராமல் தொலைவில் இருப்பது. ஓரத்தில் அவள் போட்ட சிவப்பு மைக் குறியும், 'மிக நன்று' என்ற வார்த்தையும்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர். வெளியூர்லேர்ந்து சாவுக்குத் துட்டி கேக்க வர்ற ஆளுக, எந்தத் தோட்டம்னு தெரியாம அங்கிட்டும் இங்கிட்டும் அலையுறாக. இப்பக் கொழப்பமே இல்ல பாருங்க."

தன் கையெழுத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து வேறு, லாரி வேறு என்று சொல்வதுபோலத்தான் அன்று அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் கண்மாய் ஒன்று கிடப்பது, வகுப்பில் நின்றபோது அவள் புத்தியில் உறைக்கவில்லை.

"செமட்ரிங்குறது கௌரவமான வார்த்த டீச்சர். வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுகளயெல்லாம் செமட்ரியிலதான் வைக்கிறாக."

"அப்படின்னா அத நீங்களே வச்சுக்கங்களேன் சார்," என்றாள் அன்புச்செல்வி. குரலில் இன்னும் பணிவு இருந்தது. "கிரேவ்யார்ட எங்களுக்குக் குடுத்துருங்க."

"அதெப்படி? மீனிங் தப்பாயிருமே!"

அவருக்கு அவளுடைய ஆங்கிலத்தில் சந்தேகமே இல்லை என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. திருத்தம் கேட்டு அவர் வரவில்லை. அச்சுக்குப் போகும் தாளின் ஓரத்தில், கீழத்தெருவில் படித்த ஒருத்தியின் கையெழுத்து வேண்டும். நாளைக்குக் கீழத்தெருவில் யாராவது வாய் திறந்தால், 'ஒங்க டீச்சரே பாத்துக் குடுத்ததுய்யா' என்று சொல்லி வாயடைத்துவிடலாம்.

"நாளைக்குச் சொல்றேன் சார்," என்று சொல்லி அனுப்பினாள். அவர் போன பிறகுதான், தான் இன்னும் நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்தாள்.

வீட்டில் அவளுடைய தம்பி செம்மல் வந்திருந்தான். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். வாய்க்குப் பூட்டு இல்லாதவன். நடந்ததைச் சொன்னதும் கைதட்டிச் சிரித்தான்.

"நல்லாருக்குக்கா! நாம இத்தன வருசம் வேலின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். நீ அதுக்கு இங்கிலீஷுல பேரு வச்சுக் குடுத்துட்ட."

"நான் பாடம்தானடா நடத்துனேன்?"

"அம்மாவுக்கும் அவுக பாடம்தான் நடத்துனாக. மறந்துட்டியா?"

மறக்கக்கூடியதா அது? அவர்களுடைய அம்மா ஞானமணி முப்பத்தாறு வருடம் அந்தக் கோயிலைக் கூட்டியவள். விடியுமுன்னே போய்ப் பீடத்தின் படிகளைத் துடைத்து, மேலத்தெருக் கல்லறைகளின்மேல் விழுந்த வேப்பஞ்சருகைக்கூட அள்ளிப் போட்டுவிட்டு வருவாள். போன நவம்பர் கடைசியில் அவள் கண்மூடியபோது, மதிலோரமாக ஆறடி இடம் கேட்டு நிர்வாகக் குழுவின் முன் அக்காவும் தம்பியும் கைகட்டி நின்றார்கள். "எடமில்லம்மா, நெறஞ்சிருச்சு," என்றார் இதே ஜெரால்டு. அன்புச்செல்வி அதற்கும் "பரவால்லங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். கொட்டுகிற மழையில், முழங்கால் தண்ணீரில், கண்மாய்ப் பாதை வழியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொங்கல் கழிந்த வாரத்தில் ஜெரால்டின் சித்தப்பா இறந்தார். நிறைந்துவிட்ட தோட்டத்தில் அவருக்கு மட்டும் இடம் முளைத்திருந்தது. தலைமாட்டில் கிரானைட் சிலுவையும் வைத்தாயிற்று.

அந்தப் 'பரவால்லங்க' பதினோரு மாதமாக அவளது தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை சிமென்ட் கடைக்குத் தானே நடந்து போனாள். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஜெரால்டு நாற்காலியைக் காட்டினார், அவள் உட்காரவில்லை. தாளை விரித்தாள். சிவப்பு மையால் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் குறுக்கே அடித்திருந்தாள். ஓரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரே வரி: 'ஒரு கோயில், ஒரு தோட்டம் என்றால் மட்டும் என்னிடம் வரவும்.'

"என்ன டீச்சர் இது, வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்ல. தப்புப் போட்டுருக்கேன்."

"எம் மக நோட்டுல நீங்களே..."

"வார்த்தை சரிதான் சார். நீங்க செய்யுறதுதான் தப்பு. எங்கம்மா கூட்டுனது செமட்ரிய இல்ல, கோயில. அவுக வெளக்குமாறு உள்ள வரலாம், அவுக உடம்பு வரக்கூடாதா?"

"ஏம்மா, மெதுவாப் பேசு. கடையில ஆளுக நிக்கிறாக."

"இம்புட்டு நேரம் டீச்சர், இப்ப ஏம்மாவா? ஆளுக நிக்கட்டும்னுதான் இங்க வந்தேன்."

தன் குரல் அவ்வளவு உரக்க எழும் என்று அவளே அறிந்ததில்லை. "மன்னிச்சிருங்க" என்ற சொல் வழக்கமாக வந்து நிற்கும் இடத்தில் அன்று வரவில்லை.

வளைவுகள் அவளுடைய கையெழுத்து இல்லாமலே எழும்பின. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று மாலை, கீழத்தெரு முழுவதும் கண்மாய்க்கு அப்பால் கூடியது. கண்மாய்க் கரையிலேயே நின்ற வளைவில், செமட்ரி என்ற எழுத்தின் கீழாகத்தான் எல்லாரும் நுழைய வேண்டியிருந்தது. நாலு நாள் மழையில் பாதை மூழ்கிக் கிடந்தது. ஞானமணியின் கல்லறைக்கு இது முதல் திருநாள். சாமந்தி மாலை சாத்தி, மெழுகுவத்திகளை மண்ணில் ஊன்றி, தீர்த்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ஆண்டுதோறும் நடப்பது இதுதான். பங்குச் சாமியார் மதிலோரத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லறையாக நின்று செபித்துத் தீர்த்தம் தெளிப்பார். கண்மாய்க்கு அப்பால் உள்ளவர்களுக்குத் தீர்த்தம் ஒரு குடத்தில் வரும். பாதை சரியில்லை என்பது காரணம். கோடையிலும் அதுவே காரணம்.

குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கோயில் உபதேசியார் சூசைராஜ் தண்ணீரில் இறங்கி வந்தார். அவரும் கீழத்தெருக்காரர்தான். இருபது வருடமாகச் சுமக்கிறார். அவர் கரையேறுமுன் அன்புச்செல்வி எதிரே போய் நின்றாள்.

"சித்தப்பா, தண்ணி நம்ம தெருக் கொழாயிலயே வருது. சாமியார வரச் சொல்லுங்க."

"நான் என்ன தாயி செய்யட்டும்? குடுத்தாக, கொண்டாந்தேன்."

"ஒங்க மேல கோவம் இல்ல சித்தப்பா. ஆனா இந்தக் கொடம் இந்தக் கரையில எறங்காது. கொண்டுபோயித் திருப்பிக் குடுங்க. சாமியார் வர்ற வரைக்கும் இங்க ஒருத்தரும் வத்தி கொளுத்த மாட்டோம்னு சொல்லுங்க."

அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. யாராவது தீக்குச்சி உரசிவிட்டால் எல்லாம் போயிற்று. பின்னாலிருந்து செம்மலின் குரல்தான் கேட்டது: "தீப்பெட்டியெல்லாம் எங்கிட்டக் குடுத்துருங்கப்பா. அக்கா கேட்டாத்தான் தருவேன்."

சூசைராஜ் குடத்தோடு திரும்பினார். வந்ததைவிட வேகமாகவே போனதாக அவளுக்குத் தோன்றியது.

இருட்டத் தொடங்கியபோது அக்கரையில் வெள்ளை அங்கி தெரிந்தது. இளம் சாமியார், வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஜெரால்டு குடையைப் பிடித்துக்கொண்டு அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் குடத்தோடு சூசைராஜ். தண்ணீரின் விளிம்பில் மூவரும் நின்றுவிட்டார்கள்.

"பாதர்!" என்று அன்புச்செல்வி உரக்கக் கூப்பிட்டாள். "போன வருசம் எங்கம்மாவ இதே தண்ணியிலதான் தூக்கிட்டு வந்தோம். ஆழம் முழங்கால்தான். பெட்டியோடவே நாங்க விழல. நீங்க வெறுங்கையோடதான வரப்போறீங்க?"

ஜெரால்டு குடையை ஆட்டி ஆட்டி மறுத்துப் பேசினார். சாமியார் குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சூசைராஜிடமிருந்து குடத்தைத் தானே வாங்கினார். குடைக்குள்ளிருந்து விலகி, ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தார்.

"அக்கா, தீப்பெட்டி," என்று செம்மல் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. வளைவு இன்னும் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்பது நாளைய வேலை.

"இருடா," என்றாள். "மொதல்ல அவர் இந்தக் கரைக்கு வந்து சேரட்டும்."