குடும்பத்துக்கு ஏற்ற ஏரியா

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைகளை எண்ணினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஆய்வாளருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, முன்பின் தெரியாத ஒரு புறநகர்ப் பூங்காவுக்குப் போய், மணல் குழிக்கு நேர் எதிரே இடம் பிடித்தார். அவர் கணக்கு எளிமையானது. குழந்தைகள் நிறைய விளையாடினால் அது குடும்பத்துக்கு ஏற்ற ஏரியா, இல்லாவிட்டால் இல்லை. ஊஞ்சலில் எத்தனை, சறுக்கில் எத்தனை என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தார். அழுகிற குழந்தையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம். அதற்குள் சுற்றி இருந்த அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள, எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. மதிப்பெண்ணைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்து நின்றார்.

இங்கே என்ன செய்கிறீர்கள் என்று காவலாளி கேட்டார். குடும்பத்துக்கு ஏற்ற இடமா என்று பார்க்கிறேன் என்றார் இவர். உங்கள் குடும்பம் எங்கே என்று அடுத்த கேள்வி. வீட்டில் இருக்கிறார்கள், நான் இங்கே வந்தது அவர்களுக்குத் தெரியாது என்று, நல்ல சேதியைப் பகிர்ந்துகொள்கிற முகத்தோடு பதில் சொன்னார். அதற்குப் பிறகு காவலாளி வாசல்வரை கூடவே வந்து அவரை வழியனுப்பினார். மரியாதையாகத்தான். பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்று, பஸ் கிளம்பி வளைவு திரும்பிய பிறகுதான் உள்ளே போனார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரித்த சிரிப்பில், கீழே சலவைக் கடை வைத்திருக்கும் அம்மா என்னமோ ஏதோவென்று மாடியேறி வந்துவிட்டார். நம் மொழி தெரியாத அவருக்கும் பாதிப் பேச்சும் பாதிச் சைகையுமாக விஷயம் சொல்லப்பட்டது. சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் சேதி போய்விட்டது. எதிர்வீட்டு பஸ் டிரைவர் படியில் இவரைக் கண்டதும் பேசவில்லை, கொள்ளவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆய்வாளர் என்றால் போலீஸ் ஆய்வாளர் இல்லை. ஊரில் பம்ப் கம்பெனியில் தரம் பார்த்தவர். அவர் காதை வைத்துக் கேட்டு, கையை வைத்து அதிர்வு பார்த்து, 'ம்' என்று சொன்னால்தான் ஒரு பம்ப் வாசலைத் தாண்டும். டீ நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். அவர் எதையாவது அவிழ்த்துவிடுவார், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஜோக்குக்குச் சிரித்தார்களா, சம்பள உயர்வுக்குச் சிரித்தார்களா என்பதை மட்டும் தரம் பார்ப்பதே தொழிலான அவர் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

புது நாட்டிலும் பெயருக்கு அதே வேலைதான். ஆனால் பம்ப்பைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. திரையில் பச்சை எரிகிறதா சிவப்பு எரிகிறதா என்று பார்த்தால் போதும். பக்கத்து இருக்கைக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் இருந்தபடியே, சாப்பிடப் போகிறேன் என்று மெசேஜ் அனுப்புவார். நம்மவர் பதிலைத் தட்டி முடித்து நிமிர்வதற்குள் நாற்காலி காலியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் துணிந்து தன்னுடைய பெயர்பெற்ற பம்ப் ஜோக்கையே மெசேஜில் அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வது?

குடியிருந்த வீடு கம்பெனி பார்த்துக் கொடுத்தது. கீழே சலவைக் கடை, எதிரே பஸ் டெப்போ. விடிகாலையில் பஸ்கள் உறுமத் தொடங்கியதும் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சண்டை போடும். கீழே துணி உலர்த்துகிற சூட்டில் கூடத்துத் தரை எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். பிள்ளை வளர்க்கிற இடமா இது என்று வந்த அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்கவேண்டும், அல்லது காலி செய்யவேண்டும். காலி செய்தால் மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறும். வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு இந்த வீட்டுக்காக இன்னொன்று, இப்போது ஏரியாவுக்காக மூன்றாவது. முதல் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை அந்தப் பெண் சாயங்காலம் வந்து வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிடும். இப்போது டிரைவர் மகளும் அதுவும் ஒரே வகுப்பு, ஒரே படிக்கட்டு. வாயை மூடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

மனைவிக்குச் சலவைக் கடை அம்மா சொல்லி, பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்திருந்தது. செருப்பை மாட்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் சலவைக் கடை அம்மாவும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள். மகள் படிக்கட்டுக்குப் போய்விடும். ஆய்வாளர் மட்டும் வெதுவெதுப்பான தரையில் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், குடும்பத்தின் நன்மைக்காக நல்ல ஏரியா தேடவேண்டும் என்கிற ஞானம் அவருக்குப் பிறந்தது.

முதலில் சகலையிடம் கேட்டார். சகலை பல வருஷம் முன்பே வந்து, ஏரிக்கரைப் பக்கம் சொந்த வீட்டோடு செட்டிலானவர். உங்க ஏரியா எப்படி என்று போனில் கேட்டதும் சகலை உஷாராகிவிட்டார். நல்ல ஏரியாதான், ஆனால் அது அவரவர் தேவையைப் பொறுத்தது என்றார். பள்ளிக்கூடம்? பிள்ளையைப் பொறுத்தது. அக்கம்பக்கம்? நாம் பழகுவதைப் பொறுத்தது. தண்ணீர்? குழாயைப் பொறுத்தது. அங்கே வீடு ஏதும் காலியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும், இல்லவே இல்லை என்று பதில் பட்டென்று வந்தது.

மனைவியிடமும் கேட்டார். "உங்க இஷ்டம்," என்றாள் அவள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் சாவிக்கொத்து அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். புதிதாக வந்திறங்கும் நம் ஆட்களுக்கெல்லாம் வாடகைக்கு வீடு காட்டுகிற ஏஜென்ட் அவர். முதலில் சாவிகள் சத்தம் வரும், அப்புறம் அக்கா வருவார். அவர் வாயில் எந்த வீட்டுக்கும் குறையே கிடையாது. இருட்டான வீடு கண்ணுக்குக் குளிர்ச்சி, ரயில் பாதை ஓரத்து வீடு போக்குவரத்துக்கு வசதி, திரும்ப முடியாத சமையலறையில் எல்லாமே கைக்கெட்டும் தூரம். இது குடும்பத்துக்கு ஏத்த ஏரியாவா என்று கேட்டால், நிறைய குடும்பம் இருக்காங்க சார் என்பார். அவர்களுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்றால், இருக்கறதனாலதானே சார் இருக்காங்க என்பார்.

பூங்காவில் பட்ட அவமானத்துக்குப் பிறகு குடும்பத்தையும் கூடவே கூட்டிப் போனார். ஆனால் வீடு பார்ப்பதென்னவோ அவர் மட்டும்தான். சுவரை விரல் கணுவால் தட்டுவார். குழாயைத் திறந்து தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கண்மூடிக் கேட்பார். அப்படியே பம்ப் பேச்சு வரும். தலைகீழாகப் பொருத்தின பம்ப் ஒன்று கிணற்றுத் தண்ணீரை எடுப்பதற்குப் பதில் முதலாளியின் வேட்டியை உறிஞ்சி இழுத்த கதை வரும். அக்கா சாவிகள் குலுங்கச் சிரிப்பார். பிறகு உங்க கம்பெனில எத்தனை பேர் சார், அந்த முதலாளி அப்புறம் என்ன சொன்னார் சார் என்று கேட்பார். நம்மவர் தரையிலிருந்து அரை அடி உயர்ந்துவிடுவார். இதற்குள் மனைவி வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பாள். மகள் அக்காவிடம் வந்து, எந்த வீடாக இருந்தாலும், ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். இங்கேருந்து எங்க வீட்டுக்கு எந்த பஸ்?

கிளம்பும்போது ஆய்வாளர் ஒரு குறை கண்டுபிடிப்பார். ஒரு வீட்டில் குழாய் சொட்டியது. இன்னொன்றில் வெயில் தப்பான பக்கத்திலிருந்து வந்தது. ஒன்றில் குறையே அகப்படாமல், எதிரே இருந்த மரம் சரியில்லை என்றார். சரி சார், அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம் என்பார் அக்கா. அதைக் கேட்டதும் இவர் முகத்தில் வருகிற நிம்மதி, வீடு கிடைத்தவன் முகத்தில்கூட வராது.

மாதக் கடைசி நெருங்கியபோது அக்கா காட்டிய வீடு ஏரிக்கரையில், சகலை வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்தது. சகலைக்குத் தெரிந்தால் அன்றைக்குத் தூக்கம் போயிருக்கும். தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எல்லா வீட்டுப் புல்லையும் ஒரே நாவிதர் வெட்டிவிட்டதுபோல ஒரே உயரம். பெரிய பெரிய குடும்பங்கள் வாழ்கிற தெருதான், கார்களைப் பார்த்தாலே தெரிந்தது. மனுஷர்கள்தான் யாரும் தட்டுப்படவில்லை. ஒரு நாய் குரைத்தது, அதுவும் தப்புச் செய்துவிட்ட மாதிரி பாதியில் நிறுத்திக்கொண்டது.

உள்ளே குழாய் சொட்டவில்லை. சுவர் கல்லு மாதிரி. வெயில் சரியான ஜன்னலில் சரியான அளவுக்கு விழுந்தது. ஆய்வாளர் மூலை மூலையாகப் போனார், குனிந்தார், முகர்ந்தார், ஒரு குறையும் சிக்கவில்லை. நெற்றியில் வேர்த்தது.

"நல்லா இருக்கு," என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் பலவகை 'நல்லா இருக்கு' கேட்டிருக்கிறார். இது அதில் எது என்று பிடிபடவில்லை. அவள் வெளியே போய், வாசல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் பஸ் எது என்றுகூடக் கேட்கவில்லை.

இன்னொரு ஆளும் இந்த வீட்டைக் கேட்கிறார், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். அப்புறம், நேரத்தைக் கடத்துகிறவர்போல, வேட்டியை உறிஞ்சின பம்ப் கதையை மறுபடி ஆரம்பித்தார். அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை பாதியில் நின்றுவிட்டது.

"சரிக்கா, எல்லாரும் அதைப் பொறுத்தது இதைப் பொறுத்ததுன்னே சொல்லிட்டாங்க. நீங்களாவது ஒரே வார்த்தைல சொல்லுங்க. என் குடும்பத்துக்கு இது ஏத்த ஏரியாவா, இல்லையா?"

"இல்ல தம்பி."

சார் எப்போது தம்பியானது என்று யோசிக்க நேரமில்லை. "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை வேற..."

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் இல்ல. உங்க வீட்டம்மா வேலைக்கு நடந்து போறாங்க. பொண்ணுக்குக் கதவத் தொறந்தா சிநேகிதி. அவங்க ரெண்டு பேரும் எப்பவோ குடிவந்தாச்சு. உங்களுக்குத்தான் அங்க பேச ஆள் இல்ல. அதுக்குன்னு ஒரு குழந்தைய மூணாவது பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறீங்க."

ஆய்வாளர் சிரிக்கப் பார்த்தார். "ஏன்க்கா, நம்ம பம்ப் கதை அவ்வளவு மோசமா?"

"முதல் தடவை நெஜமாவே சிரிச்சேன். அப்புறம் சிரிச்சதெல்லாம் தொழிலுக்கு." அக்கா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "பழைய வீட்டையே நீட்டிக்குங்க. எதிர்வீட்டு டிரைவரு உங்களப் பாத்து விரல் மடக்கறாராமே, உங்க வீட்டம்மா சொன்னாங்க. அந்த மனுஷன் பேசத்தான் கூப்பிடறாரு, நீங்க கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போறீங்க. இனிமே வீடு பாக்கணும்னு எனக்குப் போன் பண்ணாதீங்க தம்பி. பேசணும்னா, பேசணும்னு சொல்லிப் பண்ணுங்க."