விறைப்பூசி

பௌர்ணமிப் போயா விடுமுறையென்றால் கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரும் கதவு திறக்கமாட்டார். அது மட்டும் இல்லையென்றால் தில்லைநாதன் செத்தாலும் வெள்ளவத்தைக்கு வந்து தங்கையின் பல் கிளினிக் படியை மிதித்திருக்கமாட்டார். ஓட்டோவிலிருந்து இறங்கியபோது இடது கன்னம் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. வீம்பு மட்டும் வற்றவில்லை. முன் மேசையில் இருந்த றிப்னாவிடம், டொக்டருக்கு அவசரக் கேஸ் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னாராம். அண்ணன் என்று சொல்ல நா எழவில்லை.

உள்ளே இருந்த தங்கை சுகிர்தாவுக்கு ஆளை அறிய அந்தக் குரலே போதுமாயிருந்தது. முஸ்லிமான ஸவாஹிரை மணந்த நாளிலிருந்து அவளைப் பிறந்த வீட்டுக்கு இல்லையென்று ஆக்கியவர் இவர். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அம்மா படுக்கையில் கிடந்ததையும் சொல்லவில்லை, செத்ததையும் சொல்லவில்லை. பொரளைக் கனத்தையில் எரித்து முடிந்த பிறகு, மீன் வாங்கப் போன இடத்தில் யாரோ ஒருத்தி துக்கம் விசாரித்துத்தான் பெற்ற மகளுக்கு விஷயம் தெரியவந்தது. பாவி மனிதன். அன்றிலிருந்து அவள் நெஞ்சில் ஒரே கேள்விதான். அம்மா கடைசியில் தன்னைத் தேடினாளா, இல்லை அவளும் தன்னைக் கைகழுவிவிட்டாளா? பதில் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவளுடைய கதிரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

கீழ்க் கடைவாய்ப்பல். அடியெல்லாம் சீழ். கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கெதியாக முடித்து ஆளை வெளியே தள்ளிவிடவேண்டும் என்ற ஆத்திரத்தில் சுகிர்தா ஒரு பிழை விட்டாள். தாடை மூலையில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போடவேண்டிய ஊசியைப் பல்லடி முரசுச் சதையிலேயே போட்டுவிட்டாள். விறைக்கவில்லை. இடுக்கியை வைத்ததுதான் தாமதம், தில்லைநாதன் அலறிக்கொண்டு எழுந்தார்.

“வேணுமெண்டுதான் செய்யிறாய். பழிவாங்கிறாய்.”

அவன் வீட்டுச் சோறு தின்றால் புத்தியும் அப்படித்தான் போகும் என்று இன்னும் நாலு வார்த்தை, பக்கத்தில் உதவிக்கு நின்ற றிப்னாவும் முஸ்லிம் பிள்ளைதான் என்றும் பாராமல். அந்தப் பிள்ளை முகம் சிவந்து வெளியே போய்விட்டது.

சுகிர்தா கத்தவில்லை. ‘மிஸ்டர் தில்லைநாதன்’ என்று தொடங்கி, முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னாள். நரம்பின் சுவரெல்லாம் சின்னச் சின்ன வாசல்கள். நோவு வந்து தட்டினால் அவை திறக்கும், சோடியம் திபுதிபுவென்று உள்ளே பாயும், செய்தி மூளைக்கு ஓடும். திறந்த வாசல் அப்படியே நிற்காது. கண் இமைப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு அடைப்பு வந்து அதை அடைத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தட்டினாலும் உடனே திறக்காது. நரம்பு கொஞ்சம் இளைப்பாறினால்தான் அடைப்பு விலகி, வாசல் மறுபடி திறக்கத் தயாராகும். விறைப்பூசி மருந்து நரம்புக்குள் போய், அடைபட்ட வாசலைப் பிடித்து அடைத்தபடியே வைத்துக்கொள்ளும். கூடக் கத்துகிற நரம்பில் வாசல்கள் அடிக்கடி அடைபடுவதால் மருந்தும் அங்கே கெதியாகப் பிடிக்கும். ஆனால் சீழ் புளித்துக் கிடக்கும் இடத்தில் மருந்து நரம்புக்குள் நுழையவே கஷ்டப்படும். சீழில்லாத தாடை மூலையில்தான் போடவேண்டும். முதலில் அங்கே போடாதது தன் பிழை என்பதையும் சொன்னாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இரண்டாவது ஊசியை உரிய இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மனிதரின் கண்ணில் பயம் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தப் பயத்தை வைத்தே பதிலைப் பிடுங்கியிருக்கலாம். அப்படிப் பிடுங்கிய பதிலை நம்பி என்ன செய்வது?

“ஒண்டு கேக்கிறன். நீங்கள் என்ன சொன்னாலும் பல்லை நோகாமல்தான் கழட்டுவன்,” என்றாள். “அம்மா கடைசியில என்னைத் தேடினவவோ?”

தில்லைநாதன் அவளையும் தட்டில் கிடந்த இடுக்கியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“சத்தியமோ?”

“சத்தியம்.”

அதை உறுதிப்படுத்திக்கொண்டுதான் கள்ள மனிதர் வாயைத் திறந்தார்.

“தேடினவ. ஒவ்வொரு நாளும் தேடினவ. நான் கூப்பிட்டனான், அவள் வரமாட்டன் எண்டிட்டாள் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு அவ கேக்கேல்லை.”

மகள் வரமறுத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டே அந்த மனுசி கண்ணை மூடியிருக்கிறாள். இனி யார் போய் அவளிடம் இல்லையென்று சொல்வது? சுகிர்தாவின் கை தானாக இடுக்கியை எடுத்துவிட்டது. உதடு விறைத்ததா என்று இன்னும் பார்க்கவில்லை. ஒரே இழுவையில் ஆளைக் கதறவைக்கலாம்.

இடுக்கியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். கூரான கம்பியால் முரசைக் குத்தி, தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்று தலையாட்டினார். இன்னும் காத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது பல் பிடுங்குவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. சுத்தமாக விறைத்த பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பல் முழுசாக வந்தது. அவர் முனகக்கூட இல்லை.

பஞ்சைச் சுருட்டி வைத்து இறுக்கிக் கடிக்கச் சொன்னாள். நோவு போனதும் மனிதருக்கு உறவு ஞாபகம் வந்துவிட்டது போலும், அவள் தலையைத் தடவக் கையை நீட்டினார். அவள் விலகிக்கொண்டாள்.

“அம்மான்ட வாற திவசத்துக்கு நானும் ஸவாஹிரும் வருவம்,” என்றாள். “நீங்கள் அவவிட்டச் சொன்ன பொய்யைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால சொல்லுவன். சொல்லமாட்டன் எண்டு நான் சத்தியம் பண்ணேல்லை.”

தில்லைநாதன் பதறிப்போய்ப் பஞ்சைத் துப்பப் போனார்.

“கடியுங்கோ,” என்றாள் சுகிர்தா. “வாயைத் திறந்தா ரத்தம் நிக்காது.”