அடியில் ஒரு கோடு

பெல்ட்டில் ஓடிவரும் பழைய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக்கி அடியைப் பார்ப்பதுதான் அவள் வேலை. நடுவில் பொட்டுபோல் புள்ளி இருந்தால் விட்டுவிடலாம். குறுக்கே கோடு இருந்தால் அது வேறு பிளாஸ்டிக். பொறுக்கிப் போட வேண்டும். நல்ல பாட்டில்கள் அரைபட்டு, வெந்நீரில் கழுவப்பட்டு, காய்ந்து, மறுநாள் பக்கத்துக் கொட்டகையில் உருகி நூலாக இறங்கும். அந்த நூல் எந்திரத்தில் நின்றவள் அவளுடைய நாத்தனார்.

ஆறு மாதமாகப் புள்ளியும் கோடும் அவளுக்கு ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. கண்ணாடி போட்டவர்களைப் பெல்ட்டில் நிறுத்த மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வாயைத் திறக்கவில்லை. கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தே சமாளித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெல்ட்டை வேகமாக ஓடவிட்டார்கள். விரலுக்கு அவகாசமே இல்லை.

மறுநாள் மதியம் கொட்டகையில் அலறல் கேட்டது. கோடு போட்ட பாட்டில்கள் உருகும்போது கருகி, எந்திரத்தில் நூல் இறங்கும் பொடித்துளைகளை அடைத்துவிட்டன. அறுந்த நூலை எடுக்கப்போன நாத்தனாரின் மணிக்கட்டில் உருகிய பிளாஸ்டிக் சொட்டியிருந்தது.

சூப்பர்வைசர் நேரே வந்து, பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றவளைக் கைகாட்டினார். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ‘ரேடியோ’ என்றே பெயர்.

“வாய் ஓடுற வேகத்துக்குக் கண்ணு ஓடல. நாளைலேர்ந்து வராதே!”

இவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

வீட்டில் நாத்தனாருக்கு ஊட்டிவிட வேண்டியிருந்தது.

“அந்த ரேடியோவாலதான் அண்ணி இப்படி ஆச்சு. அவளுக்கு நல்லா வேணும்.”

இவள் கை பாதியில் நின்றது. “அவ இல்ல. நான்தான். ஆறு மாசமா எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

“என்கிட்டகூடச் சொல்லலையே!”

“வேலை போயிடும்னு பயந்தேன்.”

“என் கை போயிருந்தா?”

நாத்தனார் எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பெல்ட் ஓடத் தொடங்குமுன் இவள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“கண்ணாடி போடக் கூடாதுன்னு எவன் சொன்னான்?” என்று கத்தினார் அவர். ரேடியோவைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இவளை வெளியே போகச் சொன்னார். கண்ணாடியோடு வந்தால் பார்க்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, கட்டுப்போட்ட கையோடு நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “கிளம்புங்க” என்றாள். வழியெல்லாம் நாலடி முன்னாலேயே நடந்தாள். கண்ணாடிக் கடையில் கடைக்காரரிடம் சொன்னாள்:

“நல்லாப் பார்த்துப் போடுங்க. இவங்களுக்குக் கிட்டத்துல பார்க்குற வேலை.”

திரும்பும்போதும் அவள் நாலடி முன்னால்தான் நடந்தாள்.