பெய்சினிடம் சொல்லக் கூடாதது

அப்பா கடலில் நீந்திக்கொண்டிருந்தபோதே இதயம் நின்று இறந்துபோனார். பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறாக இருக்கலாம், பிள்ளைகள் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று காவோசியுங் நகர மருத்துவமனையில் சொன்னார்கள். பிள்ளைகள் இரண்டே பேர். ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர்.

ஐந்து நிமிடம் மூத்தவளான பெய்ரோங்குக்கு எட்டு வயதில் மகள் இருந்தாள். இளையவள் பெய்சின் நீச்சல் பயிற்சியாளர்.

“நீ பாத்தா நானும் பாத்த மாதிரிதான், அக்கா. எனக்கு வேணாம்.”

“பாப்பாவுக்காகடி.”

“அப்ப பாத்துக்கோ. எங்கிட்ட மட்டும் வாயத் தொறக்காத.”

முடிவு வந்த அன்று மருத்துவமனையின் மரபணு ஆலோசகர் லுவோ அம்மையார் முதலில் கதவைச் சாத்தினார். பெய்ரோங்குக்குக் கோளாறு இருக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். இந்த வகைக்கு நீச்சல்தான் பெரிய ஆபத்து.

“அப்ப என் தங்கச்சிக்கு?”

“ஒரே மரபணு. அவங்களுக்கும் இருக்கும்.”

“நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன்.”

“தெரிஞ்சுக்க விருப்பமில்லன்னு அவங்களே எங்ககிட்டயும் சொல்லிட்டாங்க. எங்களால மீற முடியாதும்மா. அவங்களுக்கு விவரமெல்லாம் எழுதி ஒரு கடிதம் தர்றேன். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்.”

மகளுக்குக் கோளாறு இல்லை என்று அடுத்த வாரம் தெரிந்தது. அந்த நிம்மதியைக்கூட பெய்ரோங்கால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. வாரம் தவறாமல் தங்கையோடு நீந்திவந்த குளத்துக்கு மூன்றாவது வாரம்தான் போனாள்.

“துணி மாத்தல?” என்றாள் தண்ணீரிலிருந்து ஏறிய பெய்சின்.

“சளி.”

“மூணு வாரமாவா?”

பெய்ரோங் பையைத் திறந்தாள். ஈரக் கை அதை அழுத்தி மூடியது.

“வேணாம். உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு.”

“தெரிஞ்சுமாடி எறங்குற?”

“நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் வேலைய விடணும். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு.”

மறுபடி குதித்துவிட்டாள்.

நின்ற இதயத்தை மின்சாரம் பாய்ச்சி எழுப்பும் கருவி ஒன்று அங்கே சுவரில் இருந்தது. அதை இயக்குவது எப்படியென்று காவலாளியிடம் கேட்டு, இரண்டு முறை செய்து பார்த்தாள் பெய்ரோங். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அந்தச் சுவரோரம் வந்து உட்கார்ந்து, தன் மாத்திரையை விழுங்கினாள். தங்கையின் வெள்ளைத் தொப்பி தண்ணீருக்குள் போகும்போதெல்லாம், அது மேலே வரும்வரை இவளுக்கு மூச்சு வராது. வெளியூர் போவதில்லை. ஒருநாள் காய்ச்சலோடும் வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, பெய்சின் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த மாத்திரை சாப்பிட்டா ரொம்ப அசதியா இருக்குமா?”

“முதல்ல கொஞ்ச நாள் இருக்கும்.”

“ம்,” என்றுவிட்டு மறுகரை நோக்கி நீந்தினாள்.